திறந்த எஞ்சினும் மூடிய எஞ்சினும்: புல்லட், யெஸ்டி வீட்டுக் கைவேலை குறித்து ஓர் ஒப்பாய்வு

பழைய புல்லட் வைத்திருப்பவர் எஞ்சினிலேயே கை வைக்கிறார். பழைய யெஸ்டி வைத்திருப்பவர் முதலில் ஒரு கருவியைச் செய்துகொள்கிறார். மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை, செஞ்சி என எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இந்த இரண்டு வண்டிகளும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வந்ததில் எனக்குப் பிடிபட்ட வேறுபாடு இதுதான். பராமரிப்பை எளிதாக்கும் கைவேலைகள் இரண்டுக்கும் உண்டு. புல்லட்டில் அந்த வேலை வண்டியோடு ஒட்டிக்கொண்டு கூடவே ஓடும். யெஸ்டியில் அது பெரும்பாலும் பட்டறைச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கும். ஒரே ஊர், ஒரே லேத்து, ஒரே கை. ஆனாலும் வேலை இப்படிப் பிரிந்துபோனதற்குக் காரணம் அந்த எஞ்சின்களின் உள்ளமைப்பில் இருக்கிறது.

இரண்டும் வெளிநாட்டில் பிறந்து தென்னிந்தியாவில் வளர்ந்தவை. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. அங்கிருந்து வந்த புல்லட் 346 சிசி நாலு ஸ்ட்ரோக். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் வடிவத்தை வாங்கி மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. எழுபதுகளில் அந்த வண்டிக்கு யெஸ்டி என்று பெயர் மாறியது. அது 250 சிசிக்கு ஒரு நூலளவு குறைந்த ரெண்டு ஸ்ட்ரோக். 65 மில்லிமீட்டர் விட்டம், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. திருவொற்றியூரின் இரும்பு பிளாக் எஞ்சின் 2010ஐ ஒட்டி நின்றது. ஜாவா என்ற பெயர் 2018இலும் யெஸ்டி என்ற பெயர் 2022இலும் புதிய வண்டிகளில் திரும்பி வந்தன, புல்லட் என்ற பெயர் நிற்கவே இல்லை. ஆனால் இவற்றின் இன்றைய எஞ்சின்களுக்கும் நான் பேசப்போகும் எஞ்சின்களுக்கும் இடையே மாற்றிப் போடக்கூடிய பாகம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை.

ஊரின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். பல மாவட்டங்களிலிருந்து வரும் கூட்டத்தில் வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்துதான் போக முடியும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்த ஊர்தல்தான் கடுஞ்சோதனை. புல்லட் சூடேறி, சுவாசக் குழாயில் ஆயிலைக் கக்கும். யெஸ்டியோ குறைந்த வேகத்தில் எண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கில் கரி பிடித்து நிற்கும். மற்ற நாட்களில் மானாவாரி நிலத்துப் புழுதி. நல்ல உதிரிப் பாகம் வேண்டுமென்றால் திண்டிவனம், விழுப்புரம். அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. பாகத்துக்கு ஒரு நாள் போய்விடும் ஊரில், சிறு கைவேலைக்கு உள்ள மதிப்பு நகரத்தில் இருப்பவருக்கு எளிதில் விளங்காது.

இனி உள்ளே போவோம். எஞ்சினின் வயிற்றுப் பகுதியான கிராங்க் கேஸிலிருந்து தொடங்குவதே சரி, ஏனென்றால் எல்லா வேறுபாடும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

புல்லட்டின் பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் 346 சிசி காற்றைக் கேஸுக்குள் அழுத்துகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை. அந்தக் காற்று எளிதாக வெளியேறாவிட்டால் தனக்கு வழியை எங்காவது தேடிக்கொள்ளும்: பேக்கிங் ஓரம், புஷ் ராடு பக்கம், ஆயில் சீல். “புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்” என்று ஏற்றுக்கொண்டுவிட்ட பல ஒழுகல்களுக்கு மூலம் கெட்ட பேக்கிங் அல்ல, அடைபட்ட மூச்சு. பழைய வண்டிகளில் இந்தக் காற்று, வாத்தின் அலகுபோலப் பிளந்த ஒரு ரப்பர் வாய் வழியே வெளியேறும். வெளியே போகவிடும், உள்ளே வரவிடாது. வெயிலிலும் ஆயிலிலும் ஊறி அந்த ரப்பர் விறைத்துப்போனால் ஒன்று திறக்காது, இல்லையேல் மூடாது.

இதற்கான கைவேலைதான் புல்லட்காரர்கள் கண்ட மாற்றங்களில் ஆகச் சிறந்தது என்பது என் கருத்து. ரப்பர் வாயை எடுத்துவிட்டு, அந்த முனையின் அகலத்துக்குக் குறையாத, ஆயில் தாங்கும் குழாயை மேல்நோக்கி எடுத்துச் சென்று, டூல் பாக்ஸ் அருகே ஒரு சிறிய டப்பாவில் விடுவது. வழியில் ஓர் ஒருவழி வால்வு. காரின் பிரேக் பூஸ்டர் குழாயில் இருக்கும் வால்வை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆயில் புகை டப்பாவில் குளிர்ந்து சொட்டாக இறங்கும், காற்று மட்டும் வெளியே போகும். பிற்கால வண்டிகளில் ஆலையே ஒரு டப்பாவைச் சேர்த்தது என்பது இந்த யோசனைக்குக் கிடைத்த அங்கீகாரம். இதில் இரண்டு கவனம் வேண்டும். குழாய் எங்கும் மடங்கக் கூடாது. வால்வின் திசை தலைகீழாகிவிடக் கூடாது. அப்படி மாட்டினால் கேஸ் காற்றை இழுத்துக்கொண்டே இருந்து வெளியே விடாது, இருக்கிற எல்லா சீலையும் ஒரே ஓட்டத்தில் சோதித்துவிடும்.

இப்போது யெஸ்டியின் கேஸ். புல்லட் தொல்லை என்று வெளியேற்றும் அதே அழுத்தம்தான் இதன் உயிர். பிஸ்டன் மேலே போகையில் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுத்து, கீழே வருகையில் அழுத்தி, பக்கத் துளைகள் வழியே சிலிண்டருக்கு ஏற்றும் துருத்தி அந்தக் கேஸ். அதில் குழாய் போட முடியாது, டப்பா வைக்க முடியாது, துளையிடவே கூடாது. அங்கே செய்யத்தக்க ஒரே வேலை, காற்று எங்கும் கசியாமல் பார்த்துக்கொள்வது. ஆகவே யெஸ்டிக்காரரின் அறிவு கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியில் இறங்கியது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் ட்யூப் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே நிறுத்தி, பிளக் துளையில் ஒரு முனையை மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றை ஏற்றுவது. ஆறு பவுண்டு அழுத்தம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் புரண்டுவிடும். பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி எங்கே வருகிறதோ அங்கே பிழை. ரோட்டர் பக்கத்து ஆயில் சீல் போயிருந்தால் வெறுங்காற்றை இழுத்து, கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். புகை அடர்ந்து, கியர் ஆயில் மட்டம் தானாகக் குறையும். வண்டியைப் பிரிக்காமலே இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு சைக்கிள் பம்பு போதுமானதாக இருக்கிறது.

பேக்கிங் விஷயத்திலும் இதே பிரிவுதான், ஆனால் அதிகம் பேர் இதைக் கவனிப்பதில்லை. தடித்த காகிதத்தைக் கேஸின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டி வெட்டி எடுக்கும் பேக்கிங் எங்கள் பக்கத்தில் எல்லாப் பட்டறையிலும் உண்டு. புல்லட்டின் பிளாக் அடியில் அதைப் போட்டால், தடிமன் கொஞ்சம் கூடினாலும் கம்ப்ரஷன் சிறிது குறையும், டேப்பெட்டை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்; அதோடு முடிந்தது. யெஸ்டியின் பிளாக் அடியில் அதே தடிமன் வேறு விளைவைத் தரும். ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டன்தான் திறந்து மூடுகிறது. பிளாக் உயர்ந்தால் துளைகளும் உயரும், திறக்கும் நேரமே மாறிவிடும். எனவே யெஸ்டிக்குப் பேக்கிங் வெட்டுவதற்கு முன் பழையதன் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தே தீர வேண்டும். கை ஒன்றுதான் என்றாலும் ஓர் எஞ்சின் மன்னிக்கிறது, இன்னொன்று மன்னிப்பதில்லை.

பிளக்குக்குப் பொறி தரும் பாயிண்டிலும் கண்டன்சரிலும் மட்டும் இரண்டு வண்டிகளும் ஒரே மாற்றத்தை ஏற்கின்றன. இரண்டிலும் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டரை ஒட்டியது. புல்லட்டின் பாயிண்ட் டைமிங் கியரோடு சேர்ந்து கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் கேமால் திறக்கப்படுகிறது. யெஸ்டியில் அது கிராங்க் நுனியிலேயே இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை திறக்கும். ஆக, ஒரே வேகத்தில் யெஸ்டியின் பாயிண்ட் இரு மடங்கு உழைக்கிறது. கிராங்க் பேரிங் தேய்ந்தால் அதன் ஆட்டமும் நேராக இடைவெளியில் தெரியும். அடிக்கடி கருகும் பாயிண்டுக்குப் பின்னால் பெரும்பாலும் செத்துக்கொண்டிருக்கும் கண்டன்சர் இருக்கும். அதைச் சாகடிப்பது எஞ்சினின் சூடு. அதனால் கண்டன்சரை அதன் இடத்திலிருந்து விடுவித்து, காயில் அருகே, காற்றுப் படும் இடத்தில் காரின் கண்டன்சர் ஒன்றைப் பாயிண்டுக்கு இணையாக இணைப்பது நல்ல மாற்றம். பக்கத்திலேயே இன்னொரு கண்டன்சரைப் பொருத்தி, அதன் கம்பியை மட்டும் இணைக்காமல் விட்டுவைத்தால், இரவில் அவலூர்பேட்டை சாலையில் வண்டி நின்றாலும் ஒரு கம்பியை மாற்றிப் போட்டுக் கிளம்பலாம். கண்டன்சரின் உடல் சேஸிஸோடு சுத்தமாக ஒட்ட வேண்டும். பெயின்டின் மேல் திருகினால் பயனில்லை.

எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றுபவர்களும் உண்டு. அது ஓடும்வரை பாயிண்டைவிட மேலானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாயிண்டை உப்புத்தாள் துண்டால் தேய்த்து ஓட்டிவிடலாம். செத்துப்போன எலக்ட்ரானிக் பெட்டியைச் சாலையோரம் என்ன செய்வது? கிராமத்து ஓட்டத்துக்குப் பாயிண்டும் இரட்டைக் கண்டன்சருமே என் தேர்வு.

டி.டி.சி எனப்படும் உச்சிக் குறியில் முறை தலைகீழாகிறது, இங்கே திறந்து நிற்பது யெஸ்டிதான். பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளியை ரோட்டரில் ஒரே முறை சரியாகக் குறித்து வைத்துவிட்டால், பிறகு டைமிங் பார்ப்பது எளிது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, இரும்புக் கூட்டில் ஒரு போல்ட்டை வெல்டு வைத்து, நுனியை உருட்டி மழுக்கினால் பிஸ்டன் தடுப்பு தயார். அதைப் பிளக் துளையில் மாட்டி, கிராங்கைக் கையால் மெல்ல ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றி ரோட்டரில் ஒரு கோடு. மறுபக்கம் முட்டும்வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உச்சி. பிளக் துளை சாய்ந்திருந்தாலும் இந்த முறை பிழையாகாது; சைக்கிள் கம்பியைத் துளையில் விட்டு ஆழம் அளக்கும் முறை சாய்ந்த துளையில் பிழையாகிவிடும். யெஸ்டியில் வலப்பக்க மூடியைக் கழற்றினால் ரோட்டர் கண்முன் நிற்கும், கோடு போடச் சில நிமிடங்கள். ஆல்டர்னேட்டர் உள்ள புல்லட்டில் ரோட்டர் இடப்பக்கச் செயின் கேஸுக்குள் ஆயிலில் கிடக்கிறது. ஆயிலை வடித்து, மூடியை இறக்கி, வேலை முடிந்ததும் ஒழுகாமல் ஏற்ற வேண்டும். புல்லட்டில் இன்னொரு எச்சரிக்கை: கிராங்கைச் சுற்றும்போது திறக்கும் வால்வு தடுப்பில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேப்பெட்டோ புல்லட்டின் பெருமை. பிளாக்கின் வலப்பக்க அடியில் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி. அதைத் திறந்தால் இரண்டு புஷ் ராடுகளின் கால்கள். குளிர்ந்த எஞ்சினில், ராடு மேலும் கீழும் ஆடாமல், விரலால் சுற்றினால் மட்டும் சுழல வேண்டும். ஃபீலர் கேஜே வேண்டாம், விரல் போதும். உள்ளே இடம் குறுகல் என்பதால் கடை ஸ்பேனர் நுழையாது. பழைய சைக்கிள் ஸ்பேனர்களைக் கல்லில் தேய்த்து மெல்லியதாக்கி வைத்துக்கொள்கிறார்கள். மூடியின் நட்டை லேத்தில் சொரசொரப்பாகக் கடைந்து விரலாலேயே திருகும்படி செய்துகொள்வதும் உண்டு. ஸ்பேனரால் இறுக்கி மூடியை வளைத்து, வளைந்த மூடி ஒழுகி, ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்கும் சங்கிலி அதோடு அறுகிறது. ஆயில் ஓடுகிறதா என்று பார்க்கவும் புல்லட் வழி விடுகிறது. ஹெட்டுக்கு ஏறும் வெளிக் குழாயின் போல்ட்டை ஓடும் எஞ்சினில் அரைச் சுற்று தளர்த்தினால் ஆயில் கசிந்து காட்டும். இந்தக் குழாய்க்குப் பதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். சூட்டில் அது இளகிக் கழன்றால் ராக்கருக்கு ஆயில் இல்லை, பின்சக்கரத்தில் ஆயில் இருக்கும்.

வடிகால் போல்ட்டில் காந்தம் ஒட்டும் பழக்கமும் இரண்டாக யோசிக்க வேண்டியது. இரும்புத் துகளைப் பிடிக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் இப்போது எளிதாகக் கிடைக்கும் சிறிய வலுவான காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், சூடான ஆயிலில் பசையும் விடும். கழன்ற காந்தம் ஆயில் பம்பை நோக்கிப் போவதைவிடத் துகளே மேல். லேத்தில் போல்ட்டுக்குள் குழி கடைந்து, காந்தத்தை உள்ளே வைத்து, விளிம்பை அடித்து மடக்கிச் சிறைப்படுத்தினால் மட்டுமே இதைச் செய்யலாம். யெஸ்டியின் கிராங்குக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே தேங்கிச் சுற்றும் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து வருவதுதான் ஆயில். 1:25 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. ஒரு மருந்து பாட்டிலில் 40, 80, 120 என்று ஆணியால் கோடு கீறி டூல் பாக்ஸில் போட்டு வைப்பதே யெஸ்டி கிராங்கின் மொத்த ஆயில் பராமரிப்பு என்றாலும் மிகையில்லை.

அந்த எளிமைக்கு விலை வேறு இடத்தில் வசூலாகிறது. எரியாத எண்ணெய் சைலன்சரில் கரியாகப் படியும். நல்ல வேளையாக ஜாவா வடிவத்தில் சைலன்சரின் உள்குழாயைப் பின்பக்கம் வழியே உருவ முடியும். வரட்டி நெருப்பில் போட்டுச் சிவக்கச் சுட்டு, ஆறிய பின் தட்டினால் கரி உதிர்ந்துவிடும். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரும்புக் குழாய்க்கு மட்டுமே அது. ஹெட்டையோ பிஸ்டனையோ அதில் போட்டால் அலுமினியம் கரைந்துபோகும்.

யெஸ்டியின் உண்மையான கடினம் இடப்பக்கத்தில் இருக்கிறது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்சையும் சேர்க்கும் செயினில் இணைப்புக் கண்ணி இல்லை. இரண்டையும் சேர்த்தே இழுக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் கூம்பான கிராங்க் நுனியில் இறுகிப் பிடித்திருக்கும். சுத்தியலால் அடித்துக் கழற்றியவர்களின் வண்டிகளில் கிராங்க் வளைந்து சீல் நிற்காமல் போனதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். இங்கேதான் கைவினைஞரின் சிந்தனை வேலை செய்கிறது. தேய்ந்த கிளட்ச் பிளேட்டைப் பட்டைக் கம்பியோடு வெல்டு வைத்தால், நட்டைக் கழற்றும்போது கிளட்சைச் சுழலாமல் பிடிக்கும் கைப்பிடி. இரும்புத் துண்டில் துளையிட்டு, நடுவில் ஒரு நீண்ட போல்ட் இறக்கினால் ஸ்ப்ராக்கெட் புல்லர். ரோட்டரை வெளியே தள்ளும் போல்ட்டைச் சரியான மரை கடைந்து தருவதற்கு லேத்துக்காரருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். கேஸைப் பிரித்து பேரிங் மாற்றும்போது சுத்தியலுக்குப் பதில் சூடு. அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால், கேஸைச் சீராகச் சூடாக்கினால் பேரிங் தன் எடையிலேயே இறங்கிவிடும். புல்லட்டுக்கும் கிளட்சைப் பிடிக்கும் கருவி வேண்டும்தான். ஆனால் அதன் கியர் பாக்ஸ் தனிப் பெட்டி. கியரில் கோளாறென்றால் அதை மட்டும் இறக்கலாம், கிராங்கைத் தொட வேண்டாம். யெஸ்டியில் கிராங்கும் கியரும் ஒரே கேஸில் வசிக்கின்றன. ஒன்றுக்காகப் பிரித்தால் மற்றதையும் பிரித்ததாகத்தான் ஆகும்.

எது பராமரிக்க எளிது என்று கேட்டால் என் விடை: மாதக் கணக்கில் யெஸ்டி, வருடக் கணக்கில் புல்லட். டேப்பெட் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை என்று யெஸ்டி அன்றாடம் கேட்பது குறைவு. கேட்கும் நாளில் முழு எஞ்சினையும் கேட்கும். புல்லட் வாரந்தோறும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கும், வெளியிலிருந்தே கொடுக்கலாம்.

இதில் என்னை வருத்தும் ஒரு விளைவு உண்டு. புல்லட்டின் மாற்றம் வண்டியிலேயே இருக்கிறது. வாங்கியவர் குழாயையும் டப்பாவையும் பார்த்தால் போதும், முன்னவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்கிவிடும். யெஸ்டியின் அறிவு பட்டறையில் இருக்கிறது. பட்டறைக்காரர் கண் மங்கி வேலையை விடும்போது, ஆணியில் தொங்கிய புல்லரும் பிளேட் கைப்பிடியும் பழைய இரும்பு எடையில் போய்விடுகின்றன. அவற்றைப் பார்க்கும் இரும்புக் கடைக்காரருக்கு அவை வெறும் துண்டுகள். அந்த ஊரின் யெஸ்டிகளுக்கு அன்றிலிருந்து மறுபடியும் சுத்தியல்தான். செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் இந்தக் கருவிகளை இன்னும் வைத்திருக்கும் மெக்கானிக்குகளிடம், ஒவ்வொன்றின் விட்டம், நீளம், மரை அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் வரைந்து எழுதிவைக்கும்படி யெஸ்டி வைத்திருக்கும் இளைஞர்கள் உடனே கேட்க வேண்டும். கருவியின் மேலேயே எந்த வண்டி, எந்தப் பக்கம், எந்த நட்டு என்று அச்சு எழுத்தால் அடித்து வைப்பது இன்னும் நல்லது. நோட்டு தொலைந்தாலும் இரும்பில் எழுத்து இருக்கும்.